செயற்கைக்கோளுக்குப் பிடிபடாத சாரல்



குற்றாலத்தில் சீசன் எப்படி இருக்கிறது என்று தென்காசிக்காரர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டால் மில்லிமீட்டரில் பதில் வராது. “ஐந்தருவியில மூணு கிளைதான் விழுது” என்பார். “பேரருவியில ஆர்ச்சைத் தாண்டி விழுது, போலீஸ் குளிக்க விட மாட்டாங்க” என்பார். “குண்டாறு நிரம்பிட்டு” என்று சொன்னால் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். செங்கோட்டைக்கு அருகில் இருக்கும் அந்த அணை 36.10 அடிதான். மாவட்டத்து ஐந்து அணைகளில் முதலில் நிரம்பும் பெருமை பெரும்பாலும் அதற்கே. ராமநதிக்கு 84 அடி, கடனாவுக்கு 85 அடி, கருப்பாநதிக்கு 72 அடி. மேக்கரையில் இருக்கும் அடவிநயினாருக்கு 132 அடி. அது நிரம்ப இன்னும் நாள் பிடிக்கும். நாளிதழின் உள்பக்கத்தில் தினமும் வரும் இந்த அடிக்கணக்கைப் பார்த்துத்தான் கார் பருவ நெல் நடவுக்கு நாற்றங்கால் போடலாமா என்று முடிவு செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கருவி இல்லாத அளவு என்று இவற்றை ஒதுக்க முடியாது. ஐந்தருவியில் கிளைகளை எண்ணுகிறவர், மலைமேல் எவ்வளவு பெய்தது என்பதைத்தான் எண்ணுகிறார்.

அதே மலையை மேலிருந்தும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இன்சாட்-3டிஆர், இன்சாட்-3டிஎஸ் என்ற இரண்டு இந்தியச் செயற்கைக்கோள்கள் இரவும் பகலும் மேகங்களைப் படமெடுக்கின்றன. அவற்றுக்கு வெகு கீழே, நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், அமெரிக்காவும் ஜப்பானும் 2014 பிப்ரவரியில் ஏவிய ஜிபிஎம் செயற்கைக்கோள் ரேடாருடன் சுற்றிவருகிறது. ஏரி மட்டத்தை அளக்க ஒன்று, மண்ணின் ஈரத்தை அளக்க ஒன்று, நிலத்தடி நீரை எடைபோட ஒரு ஜோடி எனக் கடலிலிருந்து கிளம்பி மறுபடி கடலுக்கே திரும்பும் நீரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் வானத்தில் ஒரு காவலாள் உண்டு. இத்தனை கண்களுக்கும் குற்றாலம் எப்படித் தெரிகிறது என்பதே இந்த உரையின் கேள்வி. விடை கொஞ்சம் வேடிக்கையானது. உலகத்தின் பெருமழைகளையெல்லாம் பார்த்துச் சொல்லும் இந்தக் கருவிகளை, குற்றாலத்துச் சாரல் எளிதாக ஏமாற்றிவிடுகிறது.

சாரல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கலாம். ஜூன் மாதம் அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று, கேரளப் பக்கத்துச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, கைவசம் உள்ளதில் பெரும்பகுதியை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலை முழுக்க ஒரே சுவராக இருந்திருந்தால் தென்காசிக்கு வெறும் மேல்காற்றுதான் மிஞ்சியிருக்கும். ஆரியங்காவுப் பக்கம் மலை தாழ்ந்து கணவாயாகிறது. புனலூர் ரயில் போகிற அதே வாசல் வழியாகத்தான் ஈரக்காற்றும் புகுந்து வருகிறது. திரிகூடமலையின் தலையில் மோதும் மேகம், இறங்கும் வழியில் மிச்சத்தைத் தூவிவிட்டுப் போகிறது. வெயிலும் தூறலும் கலந்த, குடை பிடிக்கவும் மனம் வராத அந்தத் தூவானம்தான் சாரல். கிழக்கே ஒரு மணி நேரம் பேருந்தில் போய் ஆலங்குளத்தில் இறங்கினால் சாரல் இல்லை, காற்று மட்டும் இருக்கும். அந்தக் காற்றை நம்பித்தான் சுரண்டை, ஆலங்குளம் வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. ஒரே காற்று ஓரிடத்தில் அருவியாகவும் ஓரிடத்தில் மின்சாரமாகவும் மாறுகிறது.

இந்தக் காற்று கடலில் இருக்கும்போதே செயற்கைக்கோள்கள் அதைப் பிடித்துவிடுகின்றன. 2022 நவம்பர் 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஓஷன்சாட்-3, கடல்மேல் ரேடார் அலைகளை வீசி, நீர்ப்பரப்பில் காற்று எழுப்பும் சிற்றலைகளிலிருந்து திரும்பிவருவதை அளக்கிறது. எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் காற்று வீசுகிறது என்பது அதில் தெரிந்துவிடும். கப்பல் போகாத நடுக்கடலின் காற்றும் இப்போது வானிலைக் கணினிக்குள் வந்துசேர்கிறது. கேரளத்தில் பருவமழை தொடங்கும் நாளை முன்கூட்டிச் சொல்ல முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீராவி அடுத்த கட்டம். கண்ணுக்குத் தெரியாத நீராவியை அளக்க இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2011 அக்டோபர் 12 அன்று மேகா-டிராபிக்ஸ் என்ற செயற்கைக்கோளை ஏவின. துருவங்களைச் சுற்றாமல் நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றியதால், நம்மைப் போன்ற வெப்பமண்டல ஊர்களை அது ஒரே நாளில் பலமுறை கடந்தது. அதே ராக்கெட்டில் சென்னைக்கு அருகில் இருக்கும் எஸ்ஆர்எம் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த சிறு செயற்கைக்கோளும் போனது. மேகா-டிராபிக்ஸில் மழையை அளக்க வைத்திருந்த கருவியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘மெட்ராஸ்’ என்று வரும். மழையை அளக்க மெட்ராஸ் என்று பெயர் வைத்தவர்களுக்கு நல்ல துணிச்சல்! அந்தக் கருவி 2013 தொடக்கத்திலேயே பழுதாகிவிட்டது. ஈரப்பதத்தை அளந்த சஃபீர் என்ற இன்னொரு கருவி பல ஆண்டுகள் உழைத்தது. ஆயுள் முடிந்த செயற்கைக்கோளை 2023 மார்ச் 7 அன்று இஸ்ரோ கட்டுப்பாட்டுடன் கீழிறக்கிப் பசிபிக் பெருங்கடலின் மேல் எரிந்துபோகச் செய்தது.

நீராவியைப் பற்றி ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொள்வது பின்னால் உதவும். உலகம் முழுவதும் தலைக்கு மேல் மிதக்கும் நீராவியை ஒரே நேரத்தில் மழையாக்கினால், சராசரியாகத் தரையில் தேங்குவது 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம். மேலே இருக்கும் இருப்பு அவ்வளவுதான். அதற்கு மேல் எங்கே கொட்டினாலும், காற்று வேறெங்கிருந்தோ இழுத்துவந்து கொட்டுகிறது.

இனி மழை. சாரல் கருவிகளை ஏமாற்றுவது இந்தக் கட்டத்தில்தான்.

இன்சாட் போன்ற உயரமான செயற்கைக்கோள்கள் மழையை நேரடியாகப் பார்ப்பதில்லை. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை அகச்சிவப்பில் அளந்து, அதிலிருந்து மழையை ஊகிக்கின்றன. உச்சி குளிரக் குளிர மேகம் உயரமானது, உயரமான மேகம் பெருமழை கொட்டும் என்பது அவற்றின் கணக்கு. கோடையில் இடியோடு வரும் மழைக்கும் புயல் மழைக்கும் இது நன்றாகவே பொருந்துகிறது. சாரல் மேகம் அப்படி வளர்வதில்லை. நம் பகுதியில் காற்று உறைநிலையைத் தொடுவது ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில். சாரல் மேகம் பெரும்பாலும் அதற்குக் கீழேயே மலையைக் கட்டிக்கொண்டு கிடக்கிறது. பனிக்கட்டியே உருவாகாமல், துளியோடு துளி மோதிச் சேர்ந்து விழுகிறது. உச்சி வெதுவெதுப்பாக இருப்பதால், ‘இதில் மழை ஒன்றும் இல்லை’ என்று அகச்சிவப்புக் கண் கணக்கெழுதிவிடும். கீழே பேரருவியில் ஆர்ச்சைத் தொட்டுத் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்.

நுண்ணலைக் கருவிகள் இதைவிடக் கெட்டி. மேகத்தை ஊடுருவி உள்ளே பார்க்கக்கூடியவை. அவற்றுக்கும் தரையில் ஒரு தடுமாற்றம் உண்டு. கடல்நீர் நுண்ணலையைக் குறைவாகவே உமிழும். அதன்மேல் விழும் மழைத்துளி தனியாகப் பளிச்சென்று தெரியும். கருப்புத் துணியில் சிந்திய அரிசியைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். தரையோ தானே நிறைய உமிழ்கிறது. வெள்ளை வேட்டியில் சிந்திய அரிசியை யார் பொறுக்குவது? அதனால் தரைப்பகுதியில் துளியை விட்டுவிட்டு, மேகத்துக்குள் இருக்கும் பனிக்கட்டி சிதறடிக்கும் அலையைத்தான் தேடுகிறார்கள். பனிக்கட்டியே இல்லாத மழை அந்த வலையிலும் சிக்காது.

ரேடார் மட்டும் துளியை நேராகவே பார்க்கிறது. 1997 நவம்பரில் ஏவப்பட்ட டிஆர்எம்எம்தான் விண்வெளிக்கு மழை ரேடாரைக் கொண்டுபோன முதல் செயற்கைக்கோள். மணிக்கு 0.7 மில்லிமீட்டருக்குக் குறைந்த மழை அதன் காதில் விழாது. அதன் வாரிசான ஜிபிஎம், இரண்டு அலைநீளங்களில் பார்ப்பதால் 0.2 மில்லிமீட்டர் வரை இறங்கி வருகிறது. தூறலைப் பிடிப்பதில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் மலைப்பகுதியில் ரேடார் அலை பாறையிலும் மரத்திலும் பட்டுத் திரும்பும் இரைச்சலில், தரையை ஒட்டிய ஒன்றிரண்டு கிலோமீட்டர் மறைந்துபோகிறது. சாரல் மேகம் மழையைச் சேர்த்துக்கொள்வதும் அந்த ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்தான். தவிர, ஜிபிஎம் ஓரிடத்தில் நிற்பதில்லை. தலைக்கு மேல் அது கடந்துபோகும் சில நொடிகளில் பெய்தால்தான் உண்டு.

இப்படிப் பல செயற்கைக்கோள்கள் தரும் துண்டுத் தகவல்களைத் தைத்து, அரை மணிக்கு ஒருமுறை உலக மழைப்படம் ஒன்றை நாசா வெளியிடுகிறது. இமெர்க் என்று பெயர். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு கட்டம் ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்கு 11 கிலோமீட்டர். ஆப்பிரிக்காவின் நடுவில் ஒரு வறண்ட மாவட்டத்துக்கு இதுவே பெரிய வரம். குற்றாலத்திலோ, தேனருவிக்கு மேலே உள்ள காடும் தென்காசிப் பேருந்து நிலையமும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடலாம். மேலே கொட்டு கொட்டென்று கொட்ட, கீழே சட்டை நனையாத நாட்கள் இங்கே எத்தனை! இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைக்கும் மழை, மலையிலும் பெய்யாதது, ஊரிலும் பெய்யாதது. மேற்குத் தொடர்ச்சி மலை மழையைச் செயற்கைக்கோள்கள் குறைத்துக் காட்டுகின்றன என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகவே எழுதிவருகிறார்கள். மலை, தாழ்ந்த மேகம், பனிக்கட்டி இல்லாத மழை மூன்றும் ஒன்றுசேரும் குற்றாலம் அந்தக் குறைக்குச் சரியான எடுத்துக்காட்டு.

சாரலால் ஆபத்து இல்லையே, தப்பினால் தப்பிவிட்டுப் போகட்டும் என்று சிலர் நினைக்கலாம். அந்த மழையில்தான் கார் நெல் விளைகிறது, குண்டாறு நிரம்புகிறது, மாவட்டத்துக் கிணறுகள் ஊறுகின்றன என்பது ஒரு பதில். இன்னொரு பதில் 2024 மே 17.

அன்று பிற்பகல் பழைய குற்றாலத்தில் கூட்டம். சீசன் தொடங்கவில்லை, கோடைமழைக்கு அருவியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மேலே மலையில் பெய்த மழை, அழுதகண்ணி ஆற்றில் திடீர் வெள்ளமாகத் திரண்டு இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். படிக்கட்டுகளில் வெள்ளம் பாய்ந்த காட்சியைத் தமிழ்நாடே கைபேசியில் பார்த்தது. பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான்.

கோடைமழை சாரலைப் போல ஒளிந்து விளையாடுவதில்லை. மேகம் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பும், உச்சியில் பனிக்கட்டி நிறைந்திருக்கும், எல்லாக் கண்களுக்கும் தெரியும். இங்கே கைவிடுவது நேரம். இமெர்க் படத்தின் முதல் பதிப்பு வெளிவரவே ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். இன்சாட் படம் சீக்கிரமே வந்துவிடும். என்றாலும் எந்த ஓடையின் தலையில் மேகம் உடைகிறது என்பது அதில் பிரிந்து தெரியாது. அருவிகளுக்கு மேலே நீர் பிடிக்கும் பரப்பு சிறியது, சரிவு செங்குத்து. மழை பெய்வதற்கும் வெள்ளம் அருவியில் வந்து விழுவதற்கும் நடுவே மணிக்கணக்கில் அவகாசம் கிடையாது. தரையில் இருக்கும் ரேடாராவது உதவுமா என்றால், திருவனந்தபுரம் தும்பாவில் உள்ள டாப்ளர் ரேடாருக்கும் தென்காசிக்கும் நடுவில் மலைத்தொடரே மறிக்கிறது. தாழ்வாகப் போகும் ரேடார் கதிரால் அதைத் தாண்டிப் பார்க்க முடியாது.

ஆக, ஒரு மழை தெரிவதில்லை. இன்னொரு மழை தெரிந்தும் பயன்படும் நேரத்துக்குள் வந்துசேர்வதில்லை.

வடகிழக்குப் பருவமழையின் கதை வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக்கடல் பக்கம் நின்ற காற்றுச்சுழற்சி தென்மாவட்டங்கள் நான்கையும் மூழ்கடித்தது. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைவிடக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது அதிகம். தலைக்கு மேல் இருக்கும் நீராவி ஓர் அங்குலம் என்ற கணக்கை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஓர் ஊர்மேல் 37 அங்குலம் கொட்ட, காற்று எவ்வளவு பெரிய கடற்பரப்பை வழித்து எடுத்து வந்திருக்க வேண்டும்! ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்ததா என்று சென்னைக்கும் தில்லிக்கும் இடையே நடந்த வாக்குவாதம் அவையோருக்கு நினைவிருக்கும். கனமழை வரும் என்பது முன்பே தெரிந்ததுதான். எந்த ஊரில், எத்தனை மடங்கு என்பது தெரியவில்லை. வானிலை அறிவியல் இன்று நிற்கும் இடம் அது. யாரைத் திட்டியும் அந்த எல்லை நகராது. அடுத்த வடகிழக்குப் பருவமழையிலும், 2024 டிசம்பர் நடுவில், பேரருவி பாதுகாப்பு ஆர்ச்சையெல்லாம் மூடிக்கொண்டு பாய்ந்தது.

பெய்த மழை குளத்துக்கு வந்த பிறகு வானத்துக் கண்கள் கொஞ்சம் நிதானமடைகின்றன. 2022 டிசம்பர் 16 அன்று அமெரிக்காவும் பிரான்சும் ஏவிய ஸ்வாட், பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆண்டெனாக்களை நீட்டி, நீர்ப்பரப்பின் உயரத்தையே அளக்கிறது. ஆறு ஹெக்டேருக்கு மேற்பட்ட, அதாவது பதினைந்து ஏக்கர் அளவுள்ள நீர்நிலைகளை அளப்பது அதன் இலக்கு. தமிழ்நாட்டில் இருக்கும் 39,000-க்கு மேற்பட்ட பாசனக் குளங்களில் பலவும் இந்த அளவுக்குள் வரும். கீழப்பாவூர்ப் பெரியகுளம் மறுகால் பாய இன்னும் எத்தனை அடி என்பதைக் கரையில் நிற்காமலே சொல்லும் காலம் கிட்டத்தில் வந்துவிட்டது. தடையாக இருப்பது தொழில்நுட்பமல்ல. சீமைக்கருவேலமும் ஆகாயத்தாமரையும் மூடிய குளத்தில் ரேடார் செடியைப் பார்க்குமே தவிர நீரைப் பார்க்காது. குளத்தைத் தூர்வாரினால்தான் செயற்கைக்கோளுக்கும் கண் தெரியும்.

மண்ணின் ஈரத்துக்கு நாசாவின் ஸ்மாப் 2015-லிருந்து உழைக்கிறது. மேல்மண் ஐந்து சென்டிமீட்டரின் ஈரத்தை அது சொல்லும். அதன் ரேடார் ஏவிய ஆண்டிலேயே ஜூலையில் செத்துப்போனதால், எஞ்சிய கருவியைக் கொண்டு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் அகலப் புள்ளியாகத்தான் பார்க்க முடிகிறது. கடையநல்லூர் வயலும் சங்கரன்கோவில் கரிசலும் அதற்கு ஒன்றாகவே தெரியலாம். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இந்திய-அமெரிக்க நிசார், 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வந்து, 200 மீட்டர் நுணுக்கத்தில் மண் ஈரத்தைத் தரும் நோக்கம் கொண்டது. மேகம் மூடியிருந்தாலும் இரவானாலும் அதன் ரேடாருக்குக் கவலையில்லை. விவசாயிக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. மத்திய அரசின் 2016 வறட்சிக் கையேடு, ஒரு வட்டாரத்தை வறட்சி பாதித்ததாக அறிவிப்பதற்குச் செயற்கைக்கோள் காட்டும் பயிர்ப் பசுமையையும் மண் ஈரத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. குருவிகுளத்து மானாவாரிக்காரருக்கு நிவாரணம் கிடைப்பதில் இந்தப் புள்ளிகளின் அகலத்துக்கும் பங்குண்டு.

நிலத்தடி நீரை அளக்கும் முறைதான் எல்லாவற்றிலும் விசித்திரம். 2002 மார்ச்சில் ஏவப்பட்ட கிரேஸ் ஜோடி, 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றின்பின் ஒன்றாகச் சுற்றின. விஞ்ஞானிகள் வைத்த செல்லப்பெயர் டாம், ஜெர்ரி. கீழே நீர் அதிகமாக இருக்கும் இடத்தில் ஈர்ப்பு ஒரு துளி கூடும். முன்னால் போவது முதலில் இழுபடும், இடைவெளி மாறும். தலைமுடியின் பருமனைவிடச் சிறிய அந்த மாற்றத்தை அளந்து, பூமிக்குள் இருக்கும் நீரின் ஏற்ற இறக்கத்தைச் சொன்னார்கள். 2002-க்கும் 2008-க்கும் இடையில் ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியாணா, தில்லி பகுதியில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் தொலைந்ததை மாத்யூ ரோடெல் குழு 2009-ல் வெளியிட்டபோது நாடே திடுக்கிட்டது. நம் கணக்கில் சொன்னால், நிரம்பிய மேட்டூர் அணைகள் நாற்பதுக்கு மேல். மழை வழக்கம்போலப் பெய்த ஆண்டுகள் அவை. போனதெல்லாம் மோட்டார் வழியாகப் போனது. 2018 மே மாதத்திலிருந்து கிரேஸ்-எஃப்ஓ என்ற அடுத்த ஜோடி அந்த வேலையைத் தொடர்கிறது. ஆலங்குளத்துக் கிணற்றை மட்டும் அந்த ஜோடியிடம் கேட்டுப் பயனில்லை. ஏறக்குறைய தமிழ்நாடு முழுவதும் அதற்கு ஒரே புள்ளி. 2,916 சதுர கிலோமீட்டர் தென்காசி மாவட்டம் அந்தப் புள்ளிக்குள் ஒரு தூசு.

நீரின் இந்தச் சுற்றில் காட்டுக்கும் பங்கு உண்டு; அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018-ல், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் இலைவழி விடும் ஈரம் தமிழ்நாட்டின் தென்மேற்குப் பருவமழைக்குக் கணிசமான பங்கு தருகிறது என்று கணித்துக் காட்டினார்கள். மழை குறைந்த ஆண்டுகளில் அந்தப் பங்கு இன்னும் கூடுகிறதாம். மேக்கரைக்கு மேலே நிற்கும் மரம் தன் ஊருக்கு மட்டும் மழை தருவதில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, செயற்கைக்கோள்களின் குறையை எங்கே அடைப்பது? தரையில்தான். உலகத்து மழைமானிகளின் வாய்களையெல்லாம் சேர்த்து வைத்தாலும் அரைக் கால்பந்து மைதானம் நிரம்பாது என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. செயற்கைக்கோள் சொல்வது சரியா என்று சோதித்துப் பார்க்க அந்த அரை மைதானம்தான் உலகத்தின் கையில் இருக்கிறது. தமிழக அரசு 1,400 தானியங்கி மழைமானிகளும் 100 வானிலை நிலையங்களும் நிறுவ எடுத்த முயற்சி அந்த வகையில் பாராட்டத்தக்கது. மானி வைக்க எளிதான இடம் சமவெளி, தேவையான இடம் மலை என்பதுதான் சிக்கல்.

அண்டை மாநிலம் செய்ததைப் பார்க்கலாம். வயநாட்டில் ஹியூம் மையம் என்ற தன்னார்வ அமைப்பு, தோட்டங்களிலும் வீடுகளிலுமாக ஏறத்தாழ 200 மழைமானிகளை வைத்து, மக்களைக் கொண்டே தினமும் அளவெடுக்கிறது. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் மலை சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். புத்துமலை மானியில் ஏறிய அளவைப் பார்த்து அந்த மையம் முந்தைய நாளே மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்ததாகப் பிறகு தெரியவந்தது. எச்சரிக்கை செயலாக மாறாமல் போனது வேறு துயரம். செயற்கைக்கோளால் சொல்ல முடியாததைத் தோட்டத்து மழைமானி சொல்லியது என்பதை மறுக்க முடியாது. கோட்டயம் மாவட்டத்து மீனச்சில் ஆற்றங்கரையில் பள்ளி மாணவர்களே இந்த வேலையைச் செய்கிறார்கள்.

தென்காசிக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதல் வேலை அரசுடையது. செண்பகாதேவி அருவிக்கு மேலும், தேனருவிப் பக்கமும், அழுதகண்ணி ஆற்றின் தலையிலும் நிமிடத்துக்கு நிமிடம் தகவல் அனுப்பும் மழைமானிகளும் நீர்மட்டக் கருவிகளும் அடர்த்தியாக வேண்டும். மேலே அளவு ஏறியதும் கீழே அருவியில் சங்கு ஊத வேண்டும். வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் போக முடியாத காடு அது. அதனால் நீர்வளம், வனம், காவல், வருவாய் ஆகிய நான்கு துறைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் நடக்கும். ஒரு செயற்கைக்கோளின் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு சில்லறை.

இரண்டாவது வேலை இந்த அவையில் இருப்பவர்களுடையது. மேலகரத்திலிருந்து புளியரை வரை, பண்பொழியிலிருந்து கடையம் வரை ஒவ்வொரு பள்ளியிலும், முடிந்தால் ஒவ்வொரு தெருவிலும் ஒரு மழைமானி இருக்கலாம். வாங்கவும் வேண்டியதில்லை. அடி முதல் வாய் வரை ஒரே அகலமாக உள்ள நேரான கண்ணாடி ஜாடி போதும். வீட்டிலிருந்தும் மரத்திலிருந்தும் அவற்றின் உயரத்தைப் போல இரு மடங்கு தள்ளி, திறந்த வெளியில் அசையாமல் வைக்க வேண்டும். தேங்கிய நீரை அடிக்கோலால் மில்லிமீட்டரில் அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுத வேண்டும். மழை பெய்யாத நாளில் சுழியம் என்று எழுத வேண்டும், விட்டுவிடக் கூடாது. சாரல் விழுந்து ஜாடி அடியில் ஈரம் மட்டும் பட்டிருந்தால் அதையும் குறிக்க வேண்டும், ஏனென்றால் செயற்கைக்கோள் தவறவிட்டது அதைத்தான். இந்திய வானிலைத் துறை நாளை முடித்துக் கணக்கெழுதும் நேரத்திலேயே இங்கும் அளந்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும். அந்த நேரம் காலை எட்டரை மணி.